ஒரு தையல் பின்னால்

கீழ்வேளூர்
ஜூலை 18

லின்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ தஞ்சாவூர் மடத்தில் நவதுறவியாகச் சேர்ந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. அங்கே கைப்பேசி கூடாது, மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று போகும்போதே சொன்னாய். நீ எழுதிய பதினான்கு கடிதங்களும் பீரோவில் இருக்கின்றன. ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. அம்மா போன மறு வருடமே நீயும் கிளம்பிவிட்டாய் என்ற கோபம்தான். அதைத் திரும்பப் பேச இப்போது எழுதவில்லை.

மே கடைசியோடு எனக்கு வேலை ஓய்வு. முப்பத்தொரு வருடம் லஸ்கராக இருந்து ஆற்று ஷட்டரை ஏற்றி இறக்கியவனுக்கு ஒரு மாலையும் ஒரு கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார முடியவில்லை. காலையில் எழுந்ததும் கால்கள் தாமாக அந்த ஷட்டர் இருக்கிற ரெகுலேட்டருக்குப் போகின்றன. புது லஸ்கர் பரிதி நல்ல பிள்ளைதான். "அண்ணே, நீங்க வீட்ல இருங்க. தண்ணி அளவு நான் பாத்துக்கறேன்" என்கிறார். நான் திரும்பி வந்து, சோறு வடித்து, சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் போகிறேன்.

எழுத வந்தது இதுதான். வெள்ளைச் சட்டையில் நெஞ்சுப் பக்கத்துப் பட்டன் விழுந்துவிட்டது. கடைத்தெருவில் டெய்லர் உபைதுல்லாவிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒத்தப் பட்டனுக்குப் போய் ஏண்ணே என்கிட்ட வர்றீங்க, கையாலயே போட்டுக்கலாம்" என்று ஊசியும் நூலும் கொடுத்து அனுப்பிவிட்டார். எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் எழுது.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா ரெமிஜியஸ்


தஞ்சாவூர்
ஆகஸ்டு 5

என் அப்பாவுக்கு,

ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தை சிஸ்டர் ஃபிளோரா கையில் கொடுத்தபோது, யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டன் என்று படித்ததும் சிரித்து, அப்புறம் கொஞ்சம் அழுதேன். சிஸ்டர் ஃபிளோராதான் எங்கள் பயிற்சித் தலைவி. வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் அவர்தான் முதலில் படிப்பார். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

அப்பா, எனக்கும் தையல் தெரியாது. இங்கே வந்துதான் கற்றுக்கொள்கிறேன். இந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற மே மாதம், துறவியாக வாழ்வேன் என்று முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது உடுத்துகிற வெள்ளை அங்கியை அவரவர் கையாலேயே தைக்க வேண்டும். இயந்திரம் கூடாது. நாங்கள் ஐந்து பேர். புதுக்கோட்டைப் பக்கத்து ஜெசிந்தா பூ கட்டுவது போல வேகமாகத் தைக்கிறாள். அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் போடுகிறேன். அரை மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு முதுகு அரிக்கிறது, தண்ணீர் குடிக்க எழுந்து போகிறேன். உங்கள் மகள்தானே.

பட்டனுக்கு நூலை இரட்டையாகக் கோர்த்து நுனியில் முடிச்சுப் போடுங்கள். துணிக்கு அடியிலிருந்து ஊசியை ஏற்றி, பட்டனின் ஒரு துளை வழியாக மேலே வந்து, அடுத்த துளையில் இறக்குங்கள். துணிக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை ஏறி இறங்கிய பிறகு குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி அடியில் முடிச்சுப் போடுங்கள். இறுக்கித் தைத்தால் பட்டன் காஜாவுக்குள் நுழையாது.

அதோடு ஓட்டுத் தையலும் பழகிப் பாருங்கள். ஊசியைத் துணியில் மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போவதுதான். எல்லாத் தையலும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். என்னுடையது அப்படி இல்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்பு மகள்
லின்சி


கீழ்வேளூர்
ஆகஸ்டு 27

லின்சிக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் ஊரை நிறைத்துக்கொண்டு போகிறது. நானும் திருவாரூர் ரோட்டில் நின்று இரண்டு நாள் மோர் ஊற்றினேன்.

பட்டன் நின்றுவிட்டது. ஆனால் அதைப் போட எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆனது. ஊசிக் காது கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் தடவை சட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். மாட்டப் போனால் கை நுழையவில்லை. தனியாக நின்று சிரித்தேன். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

ஓட்டுத் தையலைப் பழைய வேட்டியில் போட்டுப் பார்க்கிறேன். நேராகப் போக மாட்டேன் என்கிறது. வாய்க்கால் வெட்டும்போது கயிறு கட்டிக்கொள்வோம், அது போலப் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டேன். இப்போது பரவாயில்லை. ஒரு சந்தேகம். நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. இதை வைத்து என்ன செய்வது?

குறுவை அறுப்பு ஆரம்பித்துவிட்டது. மே மாதம் வார்த்தைப்பாடு என்று எழுதியிருந்தாய். அதற்குள் மனது மாறினால் வீட்டுக்கு வரலாமா, அதற்கு வழி உண்டா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்பா


தஞ்சாவூர்
செப்டம்பர் 30

அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு பத்து உங்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஒரு வாரம் சளி, இப்போது இல்லை.

ஓட்டுத் தையல் உருவிக்கொண்டு வரத்தான் செய்யும். இரண்டு துணிகளைத் தற்காலிகமாகச் சேர்த்து வைப்பதற்கு அது. நிலையாக நிற்க வேண்டுமென்றால் பின் தையல் போட வேண்டும். ஊசி மேலே வந்ததும் முன்னால் போகாமல், ஒரு தையல் அளவு பின்னால் வந்து இறக்குங்கள். அடியில் இரண்டு தையல் அளவு முன்னால் போய் மேலே வாருங்கள். மறுபடியும் ஒன்று பின்னால். மெதுவாகத்தான் நகரும். ஆனால் நடுவில் நூல் அறுந்தால்கூடத் துணி பிரியாது.

என் அங்கியின் தோள்பட்டையை இந்த மாதம் நான்கு முறை தைத்து நான்கு முறை பிரித்துவிட்டேன். ஜெசிந்தா, "நல்லாத்தானே இருக்கு, எதுக்குடி பிரிக்கிறே" என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

மனது மாறினால் வரலாமா என்று கேட்டீர்கள். வரலாம். யாரும் கட்டி வைக்கவில்லை. நாங்களாகக் கேட்டால்தான் வார்த்தைப்பாடே கொடுப்பார்கள்.

அப்பா, ஒன்று கேட்கிறேன். சிஸ்டர் ஃபிளோரா இந்த மாதத்தில் மூன்று முறை, "அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டார். மற்றவர்களின் அப்பாக்களைப் பற்றி அப்படிக் கேட்பதில்லை. உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
லின்சி


கீழ்வேளூர்
அக்டோபர் 19

லின்சிக்கு,

சுகம். சளிக்குத் துளசி போட்டு வெந்நீர் குடி.

பின் தையல் நன்றாக வருகிறது. ஒரு தலையணை உறை தைத்தேன். மூன்று பக்கமும் பின் தையல்தான். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. உபைதுல்லாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை யாருண்ணே சொல்லிக் குடுத்தது" என்று கேட்டார். என் மகள் என்று சொன்னேன். நீ எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டபோது, தஞ்சாவூரில் மடத்தில் இருக்கிறாள் என்று முதல் தடவையாக வெளியில் ஒருவரிடம் சொன்னேன்.

மழை பிடித்துவிட்டது. சம்பா நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நிற்கிறது. பரிதி ஷட்டரை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னால் என்ன நினைப்பாரோ என்று இரண்டு முறை போய்விட்டுச் சொல்லாமல் வந்தேன். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்து என்ன தையல்?

அப்பா


கீழ்வேளூர்
நவம்பர் 28

லின்சிக்கு,

உன் கடிதம் இந்த மாதம் வரவில்லை. தபால் வண்டி வர வழி இல்லாமல் இருந்தது, அதனால் இருக்கலாம். பயப்படாதே. நானும் வீடும் பத்திரமாக இருக்கிறோம்.

ஐந்து நாள் விடாத மழை. வெள்ளிக்கிழமை காலை நம் ஆற்றின் தென்கரையில் உடைப்பு எடுத்துவிட்டது. பரிதி ஓடி வந்து, "அண்ணே, நீங்க வந்தாத்தான் ஆகும்" என்றார். போனேன். கரையில் பதினைந்து அடி நீளத்துக்கு மண் இல்லை. பயிர் இருக்கிற பக்கம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மணல் மூட்டை அடுக்கினால், வாயைக் கயிற்றால் கட்டிய சாக்குகள் தண்ணீர் வேகத்தில் அவிழ்ந்து மணல் போய்விடுகிறது. நான் கோணி ஊசியும் சணலும் கொண்டுவரச் சொன்னேன். சாக்கின் வாயை மடித்துப் பின் தையல் போட்டேன். ஒன்று பின்னால், இரண்டு முன்னால். அந்த மூட்டை நின்றது. அப்புறம் ஆறு பேரை உட்கார வைத்துக் காட்டிக்கொடுத்தேன். பக்கத்துத் தெரு தங்கம்மாள் என்னைவிட வேகமாகப் போட்டாள். சாயங்காலத்துக்குள் இருநூற்றுச் சொச்சம் மூட்டை. நானும் தோளில் தூக்கிப் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அடுக்கினேன். ஆறு மணிக்குத் தண்ணீர் நின்றது. அறுபது ஏக்கர் தப்பித்தது.

கை முழுவதும் ஊசிக் காயம். ஆனால் ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு உட்கார முடிந்தது. கரையில் ஈரத்தோடு உட்கார்ந்து டீ குடித்தேன். எழுந்து எங்கேயாவது போக வேண்டும் என்று தோன்றவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், லின்சி. இந்தக் கடிதத்தில் வேண்டாம். கை வலிக்கிறது.

அப்பா


தஞ்சாவூர்
டிசம்பர் 9

அப்பாவுக்கு,

நீங்கள் சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவது வழக்கம். இன்று அதைத் தெரிந்துகொள்வதற்காகவே எழுதுகிறேன். இது என் மாதக் கடிதம் இல்லை. எங்கள் மடத்துத் தலைவி மதரிடம் அனுமதி வாங்கி எழுதுகிறேன்.

நேற்று மதர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று நவம்பரில் நீங்கள் எனக்கு எழுதியது. இன்னொன்று ஜூன் பத்தாம் தேதி நீங்கள் மதருக்கு எழுதியது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. உங்களுக்கு மாரடைப்பு வந்துவிட்டது, டாக்டர் அதிக நாள் சொல்லவில்லை, கவனிக்க ஆள் இல்லை, மகளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள், அதனால் அவளிடம் சொல்லாமல் எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிவையுங்கள் என்று அதில் இருந்தது. உங்கள் கையெழுத்துதான்.

மதர் சொன்னார், "உன் அப்பா நிலைமையை நினைச்சு, உன்னோட வார்த்தைப்பாடை ஒரு வருஷம் தள்ளி வைக்கணும்னு அக்டோபர்லயே முடிவு பண்ணிட்டோம்மா. ஆனா மாரடைப்பு வந்தவர் எப்படி மூட்டை தூக்கிட்டு ஆத்துல இறங்கினார்? எனக்குப் புரியல. நீயே அவர்கிட்ட கேளு."

மே மாதம் நான்கு பேர் போவார்கள். நான் இல்லை.

மாரடைப்பு உண்மையா? உண்மை என்றால் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் புறப்பட்டு வருகிறேன். மதரிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டேன். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

லின்சி


கீழ்வேளூர்
டிசம்பர் 13

லின்சிக்கு,

இல்லை.

மாரடைப்பு வரவில்லை. டாக்டரிடம் நான் போகவே இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொன்னாய். ஆனாலும் எழுதுகிறேன். படிக்காமல் வைத்துவிட உனக்கு உரிமை உண்டு.

ஓய்வு கொடுத்த பத்தாவது நாள் அது. காலையிலிருந்து நாலு தடவை ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். ஐந்தாவது தடவை போகும்போது பரிதி என்னைப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுதிய அன்றைக்குப் பொய் என்றே தோன்றவில்லை. நெஞ்சில் ஏதோ இருந்தது உண்மை. அதற்கு நோயின் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் பார்த்தேன், மதரிடமிருந்து பதில் இல்லை. அதன் பிறகுதான் பட்டனைப் பற்றி உனக்கு எழுதினேன். அந்தப் பட்டன் தானாக விழவில்லை. நானே பிய்த்தேன். உனக்கு எழுத எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பழகப் பழக, நீ சொல்லிக்கொடுப்பதற்காகவே காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். மதருக்கு எழுதியதை மறந்துவிடலாம், பதில் வராததால் அது ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டேன். செப்டம்பரில் நீ என் உடம்பைப் பற்றிக் கேட்டபோதே அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நான் தஞ்சாவூர் வந்து மதரிடம் என் வாயால் சொல்கிறேன். நீ வீட்டுக்கு வர வேண்டாம்.

அப்பா


கீழ்வேளூர்
ஜனவரி 2

லின்சிக்கு,

புது வருடத்தில் ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். நான் சுகம். இனி அந்த வார்த்தையை எழுதினால் நீ நம்பலாம்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை ரயிலில் அங்கே வந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். பார்க்க விருப்பமில்லை என்று நீ சொல்லி அனுப்பியதை சிஸ்டர் ஃபிளோரா வந்து சொன்னார். நியாயம்தான். மதரிடம் என்ன பேசினேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "என் மக மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான் பொய் எழுதினேன். அவளை மே மாசமே அனுப்புங்க" என்றேன்.

அவர் முழுவதையும் கேட்டார். அப்புறம், "நீங்க வந்து சொன்னது நல்லது. ஆனா முடிவை மாத்த முடியாதுங்க. தலைமை இல்லத்துக்கு நாலு பேரோட பேர்தான் போயிருக்கு" என்றார். நான் கெஞ்சினேன். தலைமை இல்லத்துக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார். "உங்க கடிதம் மட்டும் காரணம் இல்ல. அவ தைக்கிறதும் பிரிக்கிறதுமா இருந்தா. நாங்க அதையும் பாத்துட்டுத்தான் இருந்தோம். அவளுக்கே என்ன வேணும்னு தெரியட்டும்."

அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படி இருந்தாலும் ஒரு வருடத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஷட்டரை இறக்கினால் தண்ணீர் நின்றுவிடும், மறுபடியும் ஏற்றினால் ஓடும் என்றுதான் முப்பத்தொரு வருடம் பழக்கம். இதில் அப்படி ஏற்ற முடியவில்லை.

பதில் எழுது என்று கேட்க மாட்டேன்.

அப்பா


கீழ்வேளூர்
மார்ச் 8

லின்சிக்கு,

சுகம்தான். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

மூன்று மாதமாக உன் எழுத்து இல்லை. தபால்காரர் வாசலில் நிற்காமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அறுவடை முடிந்து வயலெல்லாம் தரிசாகக் கிடக்கிறது. நான் ரெகுலேட்டருக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் பங்குக் கோயிலில் பீடத்துணிகள் ஓரம் பிரிந்து கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். ஓரத்தை மடித்துத் தைப்பது எப்படி என்று உன்னிடம் கேட்க முடியாது. உபைதுல்லா பார்த்துவிட்டு அவராகவே ஒரு தடவை காட்டினார். உட்காருவது இன்னும் கஷ்டம்தான். கால் மணிக்கு ஒரு தடவை எழுந்துவிடுகிறேன். ஆனால் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருகிறேன்.

நல்ல தவக்காலமாக இருக்கட்டும்.

அப்பா


தஞ்சாவூர்
ஏப்ரல் 28

அப்பாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களுக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? நான் நலம்.

நான்கு மாதம் எழுதவில்லை. கோபத்தால்தான். கோபம் எதன் மேல் என்று எனக்குத் தெரிய இவ்வளவு நாளாயிற்று. சிஸ்டர் ஃபிளோராவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அதனால் எழுதலாம். அன்றைக்கு மதர் உங்கள் நோயைப் பற்றிச் சொன்னபோது நான் முதலில் பயப்படவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். உங்களுக்கு மாரடைப்பு என்ற செய்தி கேட்டு, அப்பா. அப்படிப்பட்டவளா நான் என்று அந்த நொடியை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதையும் சேர்த்து உங்கள் மேல் போட்டேன்.

நீங்கள் கூப்பிட வேண்டும் என்றுதான் நான் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன் போல. நீங்கள் கூப்பிட்டதும் எல்லாம் உடைந்தது. டிசம்பரில் நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள். இழுக்க யாரும் இல்லாமல் இங்கேயே இருந்து பார்த்தேன். பிப்ரவரி முழுவதும் போய்விடுவேன் என்றே நினைத்தேன். ஒரு நாள் பையைக்கூட அடுக்கினேன்.

மார்ச்சில் ஜெசிந்தாவுக்கு அம்மை போட்டுவிட்டது. அவளுடைய அங்கியின் கீழ் ஓரம் அப்படியே நின்றுவிட்டது, ஏறக்குறைய நான்கு மீட்டர். அவரவர் கையால் என்பது வழக்கம், ஆனால் மதர் விட்டுக்கொடுத்தார். நான் தைக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். துணியை இரண்டு முறை மடித்து, வெளித்துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசியில் எடுக்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் தையல் இருப்பதே தெரியக் கூடாது. ஒன்பது நாளானது. ஒரு தையலைக்கூட நான் பிரிக்கவில்லை. முடித்து மடித்து வைத்தபோது, எனக்கும் இது வேண்டும், அடுத்த வருடமானாலும் வேண்டும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்துவிட்டேன்.

இந்த ஒரு வருடத்துக்கு உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன். நீங்கள் செய்தது தப்பு. ஆனால் மன்னித்துவிட்டேன். நீங்களும் என்னுடைய அந்த ஒரு நொடியை மன்னிக்க வேண்டும்.

மே 24 காலை பத்து மணிக்கு நான்கு பேரின் வார்த்தைப்பாடு. குடும்பத்தார் எல்லாரும் வருவார்கள். நான் கீழே மக்களோடு உட்காருவேன். பக்கத்தில் ஒரு இடம் போட்டு வைக்கிறேன். வாருங்கள்.

லின்சி


கீழ்வேளூர்
மே 27

என் மகள் லின்சிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைத் திருவாரூரில் சாப்பிட்டேன். நீ முன்னைவிட மெலிந்திருக்கிறாய், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது.

அங்கே பேச முடியாததை எழுதிவிடுகிறேன். உன்னை மன்னிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் கூப்பிட்டேன், உனக்கு வரத் தோன்றியது. பெற்ற பிள்ளைக்கு அது தோன்றாமல் இருந்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

நாலு பிள்ளைகளும் வெள்ளை அங்கியில் வரிசையாக வந்தார்கள். ஜெசிந்தாவை நான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, கீழ் ஓரத்தைப் பார்த்துத்தான். எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒரு தையல்கூடக் கண்ணில் படாத அங்கி அவளுடையதுதான். அவளுடைய அப்பா எனக்கு முன் வரிசையில் அழுதுகொண்டிருந்தார். நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அழ எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

பீடத்திலிருந்து சிஸ்டர் ஃபிளோரா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவள், "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள். நாலாவது பெயர் முடிந்தது. அவர் தாளை மடிக்காமல் கொஞ்சம் நின்றார். ஒருவேளை மூச்சு வாங்கியிருப்பார். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, ஐந்தாவது பெயரும் வரும் என்று பாதி எழுந்துவிட்டேன். அத்தனை பேர் நடுவில். நீ திரும்பிப் பார்க்காமலேயே என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாய்.

"உக்காருங்கப்பா. அடுத்த வருஷம்."

அதைச் சொன்னபோது உன் குரலில் அழுகை இல்லை. நான் உட்கார்ந்தேன். பூசை முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்பது உனக்கும் தெரியும்.

அடுத்த மே மாதம் நானும் வருவேன். அவர்கள் உன் பெயரைக் கூப்பிடும்போது நான் எழுந்திருக்க மாட்டேன். உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ எழுந்து போ.

அப்பா
ரெமிஜியஸ்